உங்களுக்குத் தெரியுமா? – விடுபட்டுப்போன ஓர் எழுத்து

கணினியில் ஓடும் எந்த நிரலும் வட்டிலுள்ள கோப்பைத் தானே சென்று தொட்டுவிட இயலாது; இயங்குதளத்திடம் ‘ஓப்பன்’ என்று விண்ணப்பித்து, அது அனுமதியைப் பரிசோதித்தபின் அளிக்கும் ஒரு சிறிய எண்ணைக் கொண்டே படிக்கவும் எழுதவும் வேண்டும். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி என்பவற்றுக்கு வழக்கமாய்ப் போய்விடுவதால், முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 வாய்க்கிறது. எத்துணை எளிமையான ஏற்பாடு!

1971-இல் பெல் ஆய்வகத்தில் முதல் யூனிக்ஸ் கையேடு உருவான காலத்தில், ‘ஓப்பன்’ ஏற்கெனவே இருக்கும் கோப்பை மட்டுமே திறந்தது. புதிய கோப்பைச் சிருஷ்டிக்க ‘கிரியேட்’ என்ற தனி அழைப்பு இருந்தது. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதி ‘ஈ’ இல்லை. யூனிக்ஸை மறுபடி படைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று வினவியபோது, அதனைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்ஸன், அந்த ‘ஈ’யைச் சேர்ப்பேன் என்றார். இன்றுவரை அது சேர்க்கப்படவில்லை.