12 புள்ளி போதாதா?

இரவு 11 மணிக்குக் கணக்கில் ஒரு சந்தேகம். முன்பெல்லாம் மறுநாள் ஆசிரியரைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைய உயர்நிலை மாணவர் கேள்வியைப் படம்பிடித்து டெலிகிராம் குழுவில் போடுகிறார். முகம் தெரியாத யாரோ ஒருவர் படிப்படியாகச் செய்துகாட்டிப் பதில் அனுப்புகிறார். மற்றப் பள்ளிகளின் தேர்வுத்தாள்களும் மூத்த மாணவர்களின் குறிப்புகளும் அங்கேயே கிடைக்கின்றன. துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கைகொடுப்பு.

ஆனால், அதே குழுக்களில்தான் "எல்1ஆர்5 எவ்வளவு?" என்ற கேள்வியும் ஓயாமல் எழுகிறது. மொழிப்பாடம் ஒன்றையும் வேறு ஐந்து பாடங்களையும் கூட்டிவரும் இந்தப் புள்ளி குறையக் குறைய நல்லது. 20 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தொடக்கக் கல்லூரிக்குத் தகுதி உண்டு. இருந்தும், 12 புள்ளி பெற்றவர் "இது போதுமா?" என்று தயங்கிக் கேட்கிறார்.

இத்தனைக்கும் சிங்கப்பூர்க் கல்விமுறை கடந்த சில ஆண்டுகளாக இறுக்கத்தைத் தளர்த்தி வருகிறது. 2021 முதல் பிஎஸ்எல்இ தேர்வில் மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவது நின்றது. 2023க்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. 2028 முதல் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களே கணக்கில் வரும்.

பள்ளி கைவிட்ட ஒப்பீடு கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கிறது. அன்று ஒப்பிட மாமா மகளும் பக்கத்து வீட்டுப் பையனும்தான் இருந்தார்கள். இன்று தீவு முழுவதும் கண்ணெதிரே நிற்கிறது. அதிலும் குழுவில் புள்ளியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்தவர்களே. மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. படிக்கும் பிள்ளைக்கோ எல்லாரும் தன்னைவிட மேலே இருப்பதுபோல் தோன்றுகிறது.

எதிர்பார்ப்பின் முகமும் மாறுகிறது. திறன் அடிப்படையில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் வந்தபின், மதிப்பெண்ணோடு இணைப்பாட நடவடிக்கை, போட்டி, வேலைப் பயிற்சி என்று பட்டியல் நீள்கிறது. புள்ளி இருந்தும் விரும்பிய துறைக்காகப் பலதுறைத் தொழிற்கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. எதில் ஆர்வம் என்றே இன்னும் தெரியாத 16 வயதுப் பிள்ளைக்கு இதுவும் இன்னொரு தேர்வாகிவிடுகிறது.

குழுவிலிருந்து விலகச் சொல்வது தீர்வாகாது. அதன் உதவியும் சேர்ந்தே போய்விடும். புள்ளி பற்றிய பேச்சுக்கும் பாடம் பற்றிய பேச்சுக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்தால், தேர்வுக் காலத்தில் முதலாவதை மௌனமாக்கிவிடலாம். "போதுமா?" என்ற கேள்விக்குக் குழுவில் விடை தேட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் முந்தைய ஆண்டில் எந்தப் புள்ளிக்கு இடம் கிடைத்தது என்பது கல்வி அமைச்சின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. பிள்ளையோடு அமர்ந்து அதைப் பாருங்கள்.

பார்க்கும் முன், எந்தப் படிப்பு பிடிக்கும் என்று கேளுங்கள். போகும் இடம் தெரிந்தால்தான் 12 போதுமா, போதாதா என்று சொல்ல முடியும்.