பெயிண்ட் அடித்து வரும் மினியேச்சர்கள்: வாங்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் கேம்ஸ்தான். அவற்றில் 'லெவல்', 'ஹிட் பாயிண்ட்', 'எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்' போன்ற சொற்களை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். இவை கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டிலிருந்து பரவியவை. 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கம்ப்யூட்டர் கேமும், 2023-ல் வந்த அதன் மூன்றாம் பாகமும் இந்த விளையாட்டின் விதிகளை வைத்து எழுதப்பட்டவைதான்.

மேஜை விளையாட்டில் மானிட்டர் கிடையாது. நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். கேமில் புரோகிராம் செய்யும் வேலை முழுவதும் இவர் தலையில்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடிப்பார்கள். வாளை வீசினால் எதிரி மேல் பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காட்டத்தான் குட்டி பொம்மைகள் தேவைப்படுகின்றன. இவற்றை மினியேச்சர் என்பார்கள். மேஜையில் கட்டம் போட்ட தாள் இருக்கும். ஒரு அங்குலக் கட்டம் என்பது கதையில் ஐந்து அடி. மனித அளவுள்ள ஆளுக்கு ஒரு அங்குல அடித்தட்டு, குதிரை அளவு மிருகத்துக்கு இரண்டு அங்குலம், அதைவிடப் பெரியதற்கு மூன்று அங்குலம் எனக் கணக்கு உண்டு.

ஆரம்பத்தில் இதற்கு விலை உயர்ந்த பொம்மைகள் எதுவும் இல்லை. ஹாங்காங்கில் தயாராகி மலிவு விலைக் கடைகளில் பையில் தொங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளை கைகாக்ஸ் வாங்கி வந்தார். என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத அந்த உருவங்களுக்கு அவர் பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்', ஆந்தை முகமும் கரடி உடலும் கொண்ட 'அவுல்பேர்' ஆகியவை அப்படி வந்தவைதான். அவுல்பேரை இன்று பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்திலும் சந்திக்கலாம்.

பிறகு ஈயக் கலவையில் வார்த்த, நுணுக்கமான உருவங்கள் கடைகளுக்கு வந்தன. இவை வெற்று உலோகமாகவே விற்கப்பட்டன. பெயிண்ட் அடிப்பது வாங்கியவர் பொறுப்பு.

முப்பது மணி நேர வேலை

பெயிண்ட் அடிப்பது என்றால் பிரஷ்ஷை எடுத்து நேரே பூசுவது அல்ல. வார்ப்பில் வந்த பிசிறுகளைக் கத்தியால் சீவ வேண்டும். சோப்பு நீரில் கழுவ வேண்டும். பெயிண்ட் பிடிப்பதற்காக பிரைமர் பூசிக் காய வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறமாகப் பூசி, பள்ளங்களில் நிழல் விழ நீர்த்த கருநிறத்தை ஓட விட்டு, மேடுகளில் வெளிர் நிறம் தொட்டு, கடைசியில் தேயாமல் இருக்க வார்னிஷ். கை பழகாதவருக்கு ஒரு பொம்மைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கதைக்குக் கணக்குப் போடுவோம். வீரர்கள் நால்வர், குட்டிப் பிசாசுகள் போன்ற கோப்ளின்கள் ஆறு, ஓநாய்கள் நான்கு, ஒரு ராட்சதன். மொத்தம் 15 பொம்மைகள், 30 மணி நேரம். வாரம் ஒரு இரவு நான்கு மணி நேரம் ஆடும் குழு ஏழு வாரம் ஆடும் நேரத்தை விட இது அதிகம். இத்தனையும் பெரும்பாலும் கதை நடத்துபவர் ஒருவர் மேல்தான் விழும். கதையையும் அவர்தானே தயாரிக்க வேண்டும்! பெயிண்ட் முடியட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப் போடும் குழு கடைசி வரை ஆரம்பிக்காமலே போக வாய்ப்பு அதிகம்.

பெயிண்ட் அடித்து வரும் மினியேச்சர்களின் முதல் சிறப்பு அழகு அல்ல. பெட்டியைப் பிரித்தவுடன் ஆடலாம் என்பதுதான். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கும் பிராண்டட் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு எளிதில் புரியும்.

எப்படி வந்தது?

இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டு வந்தது விஸ்கிட்ஸ் என்ற நிறுவனம். 2000-ல் அது வெளியிட்ட மேஜ் நைட் விளையாட்டில் பொம்மைகள் நிறத்தோடு வந்தன. அவற்றின் அடித்தட்டில் ஒரு சுழலும் வட்டும் இருந்தது. பொம்மைக்கு அடி விழும்போதெல்லாம் அதை ஒரு 'கிளிக்' திருப்பினால், சிறு ஜன்னல் வழியே அதன் புதிய பலம் தெரியும். தாளில் எதுவும் குறிக்க வேண்டாம். பொம்மையே தன் டேட்டாவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சாப்ட்வேர் எழுதும் எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தமானது. 2002-ல் சூப்பர் ஹீரோக்களை வைத்து ஹீரோகிளிக்ஸ் வந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2003-ல் ஹார்பிஞ்சர் என்ற தொகுப்புடன் தன் சொந்த வரிசையைத் தொடங்கியது. எட்டு பொம்மைகள் கொண்ட பெட்டி ஏறத்தாழ 10 டாலர். இந்த வரிசை 2011-ல் நிறுத்தப்பட்டது. 2014 முதல் உரிமம் பெற்று விஸ்கிட்ஸ் இதே விளையாட்டுக்குப் பெயிண்ட் அடித்த பொம்மைகளை வெளியிட்டு வருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

இதில்தான் சிக்கல். பெட்டியில் எந்தெந்தப் பொம்மைகள் உள்ளன என்பது பிரிக்கும் வரை தெரியாது. சில பொம்மைகள் தாராளமாகக் கிடைக்கும், சில அரிதாகக் கிடைக்கும். கதைக்கு ஆறு கோப்ளின் வேண்டும் என்றால் ஒரு கோப்ளினும், பெயரே கேள்விப்படாத ஏழு உருவங்களும் வரலாம். அப்போது மேஜையில், "இந்த எலும்புக்கூட்டை இன்று மட்டும் ஓநாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

செலவை எக்ஸெலில் பார்த்துவிடுவோம். ஒரு தொகுப்பில் 20 அரிய பொம்மைகள் உள்ளன, பெட்டிக்கு ஒரு அரிய பொம்மை வரும், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அதில் ஒரு குறிப்பிட்ட டிராகன் வேண்டும். 20 பெட்டி வாங்கினால் கிடைத்துவிடும் என்றுதான் மனம் சொல்லும். எக்ஸெலைத் திறந்து ஏதாவது ஒரு செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=1-(19/20)^20

0.64 என்று விடை வரும். அதாவது 20 பெட்டி வாங்கும் 100 பேரில் 36 பேருக்கு அந்த டிராகன் கிடைக்காது. பெட்டி 10 டாலர் என்றால் 200 டாலர் செலவாகி, வீட்டில் 160 பொம்மைகள் குவிந்திருக்கும். கடைசி 20-ஐ 45 ஆக மாற்றிப் பாருங்கள். 45 பெட்டிகளுக்குப் பிறகுதான் வாய்ப்பு 90 சதவீதத்தைத் தொடுகிறது. அந்த 20 அரிய பொம்மைகளையும் சேர்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினால் சராசரியாக 72 பெட்டிகள் ஆகும். இதைப் பொம்மை வாங்குவது என்பதை விட லாட்டரிச் சீட்டு வாங்குவது என்றே சொல்ல வேண்டும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இந்த ஃபார்முலாவை அவர்களுக்கும் காட்டுங்கள். மொபைல் கேம்களில் வரும் 'லூட் பாக்ஸ்' வேலை செய்வதும் இதே கணக்கில்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. மொத்தமாகப் பெட்டிகளைப் பிரித்து, பொம்மைகளைத் தனித்தனியாக விற்கும் கடைகள் இன்டர்நெட்டில் உள்ளன. தாராளமாகக் கிடைக்கும் கோப்ளின், ஓநாய் போன்றவை இங்கே மலிவு. அரியவைக்கு விலை கூடுதல்தான். ஆனாலும் 45 பெட்டி விலை ஆகாது! விளையாடுவதற்காக வாங்குபவர்கள் மூடிய பெட்டியின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே இருப்பதை வெளியே எழுதி விற்கும் பெட்டிகளும் வருகின்றன, அவற்றை வாங்கலாம்.

தரம்

விளம்பரப் படத்தையும் கையில் உள்ளதையும் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு முறை நிறம் தொடுவதற்கும் ஒரு செலவு. எனவே குறைந்த நிறங்களில், குறைந்த தொடுதல்களில் முடித்துவிடுவார்கள். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, சில சமயம் அந்தப் புள்ளியும் கன்னத்தில் இருக்கும். ஆனால் ஒரு கை தூரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில், எட்டு கோப்ளின்கள் சேர்ந்து நிற்கும்போது இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. டிராகன் போன்ற பெரிய உருவங்களில் தொழிற்சாலைப் பெயிண்ட் நன்றாகவே அமைகிறது. புதியவர் ஒருவர் அவ்வளவு பெரிய இறக்கையைத் திட்டுத் திட்டாக இல்லாமல் பூசுவது எளிதல்ல.

உழைப்பில் இவை உலோகத்தை மிஞ்சும். மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் என்பதால் டப்பாவில் அள்ளிப் போட்டு எடுத்துச் செல்லலாம். கீழே விழுந்தாலும் பெயிண்ட் அவ்வளவு எளிதில் பெயராது. உலோகப் பொம்மை ஒரு முறை தரையில் விழுந்தால் உங்கள் இரண்டு மணி நேர வேலை மூக்கிலிருந்து உதிர்ந்துவிடும்.

நிறம் வெறுமையாகத் தெரிந்தால் பழுப்பு நிற அக்ரிலிக் 'வாஷ்' வாங்கி மேலே ஒரு முறை ஓட விடுங்கள். பள்ளங்களில் தங்கிக் காய்ந்ததும் பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஸ்ப்ரே கேன் பிரைமரை இந்தப் பிளாஸ்டிக்கில் அடிக்காதீர்கள். சில ஸ்ப்ரேக்கள் பிவிசியில் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும்.

சொந்த வீரன்

ஒரு விஷயத்தில் மட்டும் பெயிண்ட் அடித்து வரும் பொம்மை தோற்றுவிடுகிறது. நீங்கள் மாதக்கணக்கில் நடிக்கப்போகும் அந்த ஒரு பாத்திரம். உங்கள் மந்திரவாதிக்கு நரைத்த தாடி, பச்சை அங்கி, இடது கையில் கோல் என்று முடிவு செய்திருப்பீர்கள். பெட்டியில் வருவது சிவப்பு அங்கி. இந்த ஒன்றை நீங்களே பெயிண்ட் அடிப்பது நல்லது. 2012-ல் ரீப்பர் நிறுவனம் பெயிண்ட் இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மைகளுக்காக கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியபோது 34 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தானே நிறம் பூச விரும்புவோர் குறையவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. 2019-ல் கேம்ஸ் வொர்க்ஷாப் வெளியிட்ட 'கான்ட்ராஸ்ட்' பெயிண்ட், ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தருவதால் வேலை பாதியாகக் குறைந்துள்ளது.

பிரஷ்ஷே பிடிக்க மாட்டேன் என்பவர்களுக்கு ஹீரோ ஃபோர்ஜ் என்ற வெப்சைட் உள்ளது. சாப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரிலேயே முகம், உடை, ஆயுதம் எல்லாவற்றையும் மவுஸால் தேர்ந்தெடுத்து, நிறமும் கொடுத்து ஆர்டர் செய்யலாம். 2020-ல் திரட்டிய நிதிக்குப் பிறகு நிறத்தோடு 3டி பிரிண்ட் செய்தே அனுப்புகிறார்கள். விலை அதிகம். ஒரு வீரனுக்குச் சரி, ஆறு கோப்ளினுக்குக் கட்டுப்படியாகாது.

பிரிண்டர் போதும்

விளையாட்டு பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் கலர் இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால் காகித மினியேச்சர் செய்யலாம். வேர்டில் பாத்திரத்தின் படத்தை இன்சர்ட் செய்து அகலத்தை ஒரு அங்குலத்துக்குள் வையுங்கள். அதன் தலைக்கு மேல் இன்னொரு பிரதியைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். தடித்த தாளில் பிரிண்ட் செய்து நடுவில் மடித்தால் இரு பக்கமும் படம் தெரியும். கீழே கொஞ்சம் தாள் விட்டு மடித்து, ஒரு நாணயத்தில் ஒட்டினால் நிற்கும்.

கட்டம் போட்ட தாளுக்கு எக்ஸெல் போதும். பேஜ் லேஅவுட் வியூவுக்குச் சென்றால் செல்லின் அகலத்தையும் உயரத்தையும் அங்குலத்தில் கொடுக்கலாம். ஒரு ஏ4 தாளில் அகலவாட்டில் 7, நீளவாட்டில் 10 கட்டங்கள் வசதியாக அடங்கும். கதைக் கணக்கில் 35 அடிக்கு 50 அடி அறை. பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டம் சுருங்கி, பின்னாளில் நீங்கள் வாங்கும் பொம்மை அதில் உட்காராது.

அப்படி வாங்கும் பொம்மைகளில் வாள் வளைந்து வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கொதிக்க வைத்து இறக்கிய நீரில் அரை நிமிடம் இடுக்கியால் பிடித்து முக்குங்கள். பிளாஸ்டிக் இளகியதும் நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் சில நொடிகள் பிடித்தால் வாள் நிமிர்ந்து நிற்கும்.