அடியில் ஒரு "டங்", மறுநாள் தரையில் ஒரு சொட்டு

போன மாசம் செங்கம் பக்கம் போகும்போது, பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் காரின் அடிப்பாகம் "டங்" என்று இடித்தது. உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. இறங்கிக் குனிந்து பார்த்தேன், ஒன்றும் ஒழுகவில்லை. கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை போர்டிகோ டைல்ஸில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கருப்பாக ஒரு வட்டம்.

(இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு. நம்ம ஊரில் இருப்பதை யாராவது டேப் வைத்து அளந்து பாருங்கள்.)

முதல் கேள்வி, ஒழுகுவது என்ன? பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். நிறமில்லாமல், வழவழப்பு இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், கவலையே வேண்டாம். பச்சையோ ரோஸோ கலந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். சக்கரத்துப் பக்கம் இளமஞ்சளாக வழுக்கினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்கவே கூடாது. எனக்கு விழுந்தது கருப்பு, வழவழப்பு. இன்ஜின் ஆயில்.

அடுத்தது எங்கிருந்து என்பது. இங்கேதான் ஏமாறுவோம். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். நின்றதும் அது எங்கே தாழ்வோ அங்கே வந்து சொட்டும். எனக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டியது. மெக்கானிக் பார்த்த உடனே, "சார், பின் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ இறக்கணும்" என்றார். பெரிய செலவு. எரர் மெசேஜ் வந்த வரியிலேயே பிழை இருக்கும் என்று நம்பிய என் முதல் வருஷ வேலை ஞாபகம் வந்தது.

"முதல்ல துடைச்சுட்டுப் பாத்துடலாம்ண்ணே" என்றேன். இன்ஜின் ஆறியபின் மண்ணெண்ணெய் போட்டு அடிப்பாகத்தைச் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். பத்து நிமிஷம் ஓடவிட்டதும் வெள்ளையில் ஈரக்கோடு தெரிந்தது. தேட வேண்டியது அதிகமாக நனைந்த இடத்தை அல்ல, ஈரம் தொடங்கும் மேல் முனையை. அது சம்ப், அதாவது இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கும் தொட்டி, பிளாக்கோடு சேரும் முன் மூலையில் இருந்தது. இடித்த வேகத்தில் விளிம்பு வளைந்து பேஸ்ட் விட்டுப்போயிருக்கிறது. பின் சீலுக்கு ஒன்றுமில்லை.

வெளியிலிருந்தே எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கசிவு இல்லை, ஒடுக்கு. சம்ப்பின் அடியை ஒட்டி, சில மில்லிமீட்டர் இடைவெளியில், பம்ப் எண்ணெயை உறிஞ்சும் ஸ்டிரெய்னரின் வாய் இருக்கிறது. தரை மேலே எழும்பினால் அந்த வாய் அடைபடும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகவே காட்டும், பேரிங்குக்கு மட்டும் எண்ணெய் போகாது. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு எண்ணெய்க் கிண்ண விளக்கு அழுத்தத்துக்கானது, அளவுக்கானது அல்ல. எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், சாதாரண இன்சூரன்ஸில் அது தொடர்விளைவு நஷ்டம் என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருந்தால்தான் வழி உண்டு.

சம்ப்பைக் கழற்றினோம். ஒடுக்கின் உள்பக்கம் ஸ்டிரெய்னர் விளிம்பு பதிந்த அரைவட்டத் தடம். மெக்கானிக் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "புதுசே போட்டுடலாம் சார்" என்றார்.

அட்டை இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. பன்னிரண்டு நாளாக ஏசி தண்ணீர் மட்டும்.