மழையிலா, மழையாலா?

அந்தத் துண்டு உள்ளங்கை அகலம்தான், ஆனால் நல்ல கனம். ஒரு பக்கம் வெள்ளையடித்த வழவழப்பு. திருப்பிப் பார்த்தால் நடுவே அரைவட்டமாக ஒரு வாய்க்கால். அதன் நெடுக முறுக்குக் கம்பியின் வரிகள் அச்செடுத்ததுபோல் பதிந்திருந்தன, செங்காவி நிறத்தில். விரலால் தடவினால் துரு ஒட்டியது.

அத்திப்பட்டு புதுநகரில் நண்பருடைய அக்கா வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து விழுந்த துண்டு அது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் கரையேறாமல் கடலிலேயே நின்று சென்னையையும் திருவள்ளூரையும் நனைத்துக்கொண்டிருந்த விடியற்காலை. மாவு டப்பா நசுங்கியது. நல்லவேளை, அடுப்படியில் ஆள் இல்லை. அதே இரவில் வாசலில் போட்டிருந்த சிமெண்ட் ஷீட்டுகள் மூன்று காற்றில் பிய்த்துக்கொண்டு பக்கத்து மனையில் போய் விழுந்தன.

மாடி எடுக்கக் கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன வீட்டுக் காப்பீடு கைவசம் இருந்தது. தகவல் சொன்னார்கள், சர்வேயர் வந்தார். ஷீட்டுகளை எண்ணி எழுதிக்கொண்டார். சமையலறையை அண்ணாந்து பார்த்தார், படம் எடுத்தார், எழுதவில்லை.

“சார், மழையிலதானே விழுந்துச்சு?” என்றார் அக்கா.

“மழையிலதாம்மா விழுந்துச்சு. மழையால விழல.”

எட்டாம் வகுப்பில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தபோது இப்படி ஒரு பயன் வரும் என்று யாருக்குத் தெரியும்! ‘இல்’ ஏழாம் வேற்றுமை, இடமும் காலமும் சொல்லும். ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை, செய்தது எது என்று சொல்லும். காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுப்பது மூன்றாம் வேற்றுமைக்குத்தான்.

நம் நாட்டில் வீடுகளுக்கென்று ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் ஒரே வாசகத்தில் இதை விற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. அதில் ஒரு பட்டியல் உண்டு. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, வண்டி வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுவது என்று போகும். ஏவுகணைச் சோதனையால் வரும் சேதம்கூட இருக்கிறது. துரு இல்லை. கூரைக்கு வயதாவது இல்லை. வருஷாவருஷம் ஐப்பசியில் ஒழுகுவது இல்லை. பட்டியலில் உள்ள ஒன்று வந்து சேதப்படுத்தினால், சேதத்துக்கு முன் வீடு இருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு கிடைக்கும். தேய்ந்துபோன தளத்தை இடித்துப் புதிதாகப் போடக் கேட்டால் கிடைக்காது. கூரை பெயர்ந்து விழுந்தால் காப்பீடு தருமா என்ற கேள்விக்கு நேர்ப் பதில் இவ்வளவுதான்.

கஞ்சத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆயிரம் வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்து, அதில் பத்துப் பேருக்கு வரும் இடரைச் சமாளிப்பது காப்பீடு. யாருக்கு வரும் என்று தெரியாதவரைதான் அந்தக் கணக்கு நிற்கும். ஆயிரம் கூரைகளும் என்றோ ஒருநாள் தேயப்போவது நிச்சயம் என்றால், அதற்குக் கட்டுகிற பணம் சீட்டுப் பணம், பிரீமியம் அல்ல. அமெரிக்காவில் வீட்டுக் கூரைகள் பெரும்பாலும் தார் கலந்த ஷிங்கிள் ஓடுகள். அங்கேயும் ஆலங்கட்டி மழைக்கு உண்டு, முதுமைக்கு இல்லை. பல பாலிசிகளில் கூரையின் வயதைக் கழித்துக்கொண்டுதான் புயல் சேதத்துக்கே காசு தருகிறார்கள்.

தேய்மானத்தை விலக்கும் இந்த விதி வீட்டுக்காக எழுதப்பட்டதல்ல, கப்பலுக்காக எழுதப்பட்டது. அத்திப்பட்டிலிருந்து கிழக்கே போனால் காமராசர் துறைமுகம். 2001-இல் திறந்தது, பெரும்பாலும் நிலக்கரிக் கப்பல்கள். அந்தக் கப்பல்களை ஆளும் நம் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963-இல் வந்தது. 1906-இல் வந்த பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டியது. அதன் 55-ஆம் பிரிவு, சாதாரணத் தேய்மானத்துக்கும், சாதாரண ஒழுக்குக்கும், எலியும் பூச்சியும் செய்த நாசத்துக்கும், பொருளுக்குள்ளேயே இருக்கும் குறைக்கும் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கிறது. எலியைக்கூட விட்டுவைக்காமல் எழுதிய அந்தக் காலத்து வக்கீலை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை, ‘பொருளுக்குள்ளேயே இருக்கும் குறை’, அத்திப்பட்டுக் கூரைகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

(‘சிட்டிசன்’ படத்தில் கடலோடு காணாமல் போன அத்திப்பட்டி வேறு. இந்த அத்திப்பட்டு மீஞ்சூருக்குப் பக்கம், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களுக்கு நடுவே இருக்கிறது. புறநகர் ரயில் நின்று போகும் ஊர். இங்கே ஊர் கடலுக்குள் போகவில்லை. கடல் ஊருக்குள் வந்தது, மண்ணுக்கு அடியில்.)

கதையைக் கம்பியிலிருந்து தொடங்குவோம். இரும்பு வெளியில் கிடந்தால் ஒரு மழையில் துருப்பிடிக்கிறது. கான்கிரீட்டுக்குள் வைத்தால் நூறு வருஷம்கூடத் தாங்கும். ஏன்? சிமெண்ட் கெட்டிப்படும்போது ஏராளமாகச் சுண்ணாம்பு பிறக்கிறது. உள்ளே காரத்தன்மை (pH) 12.5-க்கு மேல், சில சமயம் 13-ஐயும் தாண்டும். அந்தக் காரத்தில் இரும்பு தன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. தோல் இருக்கும்வரை துரு இல்லை.

தோலை உரிக்க இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் காற்றில் இருக்கும் கரியமில வாயு. அது கான்கிரீட்டின் நுண்துளை வழியே நுழைந்து சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகிறது. காரம் 9-க்குக் கீழே இறங்குகிறது. நல்லவேளை, இவருக்கு நடை மெதுவு. உள்ளே போகப் போக இன்னும் மெதுவு. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு தளத்தில் முதல் 10 மில்லிமீட்டரைக் கடக்க ஐந்து வருஷம் பிடித்தது என்றால், 20 மில்லிமீட்டரைக் கடக்க இருபது வருஷம். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே கான்கிரீட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் நான்கு மடங்கு. சென்டரிங் பலகையில் கம்பி கட்டும்போது அடியில் கவர் பிளாக் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதை வைக்காமல் ஆளுக்கொரு ஜல்லியைச் செருகிவிட்டுப் போவதை நான் எத்தனை கட்டடத்தில் பார்த்திருக்கிறேன்! கான்கிரீட் கொட்டும்போது மிதிபட்டு ஜல்லி நகரும், கம்பி பலகையைத் தொடும். கடற்கரைச் சூழலுக்கு நேராக வெளிப்படும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதி 456 கேட்பது 45 மில்லிமீட்டர். என் கையில் இருந்த துண்டின் கனம் ஒரு விரல்கூட இல்லை.

இரண்டாமவர் உப்பு. இவருக்குப் பொறுமை கிடையாது. குளோரைடு, காரம் குறையாமலே தோலில் ஊசிமுனை ஓட்டை போட்டுவிடும். இரும்போடு சேர்ந்து கரையும், தண்ணீர் பட்டதும் இரும்பைத் துருவாக விட்டுவிட்டுத் தான் மட்டும் விடுபட்டு அடுத்த இடத்துக்குப் போகும். செலவே ஆவதில்லை. உள்ளே வந்த உப்பு உள்ளேயே இருந்து வேலை பார்க்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாதபோது அது கான்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, ஒருநாள் மாவு டப்பா.

உப்பு எங்கிருந்து வந்தது? கடல்காற்று கொண்டுவந்தது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, தளம் போட்ட அன்றைக்கே உள்ளே போயிருக்கக் கூடும்.

சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960-களின் கடைசியிலிருந்து நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கினார்கள்; விவசாயத்துக்கும் இறைத்தார்கள். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. எடை வித்தியாசம் சொற்பம், ஆயிரத்துக்கு இருபத்தைந்துதான். அதனால்தான் கணக்கு விபரீதமாகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழம்வரை உப்புநீரை அது தள்ளி வைத்திருக்கும். அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் உப்பு நாற்பது அடி ஏறிவிடும். 1969 வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்பு எல்லை, 1980-களின் தொடக்கத்தில் சுமார் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. கடல்நீர் ஊடுருவலுக்குப் பாடப்புத்தக உதாரணம் ஆனது மீஞ்சூர்.

வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகுகள் 1994-96-இல் ஓடத் தொடங்க, சுற்றிலும் வீடுகள் எழும்பின. குடிக்க லாரித் தண்ணீர், கட்ட போர்த் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது தர விதி. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. நாக்குக்கு 250-லேயே சுவை தெரிய ஆரம்பிக்கும்; ஆக, வாயில் விட்டதும் நன்றாகக் கரிக்கிற தண்ணீரைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். மொத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 0.6 கிலோ குளோரைடு. 600 சதுர அடித் தளம் ஐந்து அங்குலக் கனத்தில் சுமார் 7 கனமீட்டர், 17 டன். வரம்பைச் சமையல் உப்பாக மாற்றிப் பார்த்தால் ஏழு கிலோ. பதினேழு டன் தளத்தில் ஏழு பாக்கெட் உப்பு!

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த அரிப்பைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. நாட்டின் துருவுக்கென்று ஒரு வரைபடமே போட்டிருக்கிறார்கள். வங்கக் கரையின் பல இடங்கள் அதில் மோசமான பகுதிகள்தான். பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததும் இதே உப்புதான்.

விசித்திரம் என்னவென்றால், மருந்தும் அத்திப்பட்டிலேயே கொட்டிக் கிடக்கிறது. நிலக்கரிச் சாம்பல் இங்கே பெரும்பாலும் வசவுக்குரிய பொருள். அதையே பக்குவமாகச் சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் சேர்த்தால், உபரிச் சுண்ணாம்போடு கூடி நுண்துளைகளை அடைத்து, உப்பு நுழையும் வேகத்தைக் குறைக்கும். ஒரு நிபந்தனை, குறைந்தது பத்து நாள் தண்ணீர் தேக்கி நனைக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் போர்த் தண்ணீராக இருந்தால் என்ன சொல்வது?

இனி ஷீட் விஷயம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 108 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ. சென்னைக்கு வடிவமைப்பு வேகமான 180-இல் 150 கிலோ. கூரைமேல் அது அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். மூன்று மீட்டர் நீள ஷீட்டை 108-இலேயே நூற்றைம்பது கிலோவுக்கு மேல் மேலே இழுக்கலாம். தடுத்துப் பிடிப்பது நாலைந்து ஜே போல்ட். அக்கா வீட்டு போல்ட்டுகளும் துருவேறி இளைத்தவைதான். அப்படியானால் ஷீட் பறந்தது புயலாலா, துருவாலா?

இதே மாதிரிச் சிக்கல் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கோவாவில் சுவாரி இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் மின்பலகையில் ஷார்ட் சர்க்யூட்; தீப்பொறி பறந்தது, மின்சாரம் போனது, கடைசியில் கொதிகலன் சேதமானது. தீ அங்கே, சேதம் இங்கே என்றது காப்பீட்டு நிறுவனம். 2009-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரத்திலோ இடத்திலோ பக்கத்தில் இருப்பது எது என்பது கேள்வியல்ல, சங்கிலியை ஓட வைத்த வலுவான காரணம் எது என்பதுதான் கேள்வி என்றது. அந்த அளவுகோலில் பார்த்தால், இளைத்த போல்ட்டோடும் ஷீட் வருஷக்கணக்கில் நின்றுகொண்டுதான் இருந்தது, தூக்கியது காற்று. சமையலறையில் தள்ளியது துரு. மழை நனைத்துப் பாரம் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அக்காவுக்கு நான் சர்வேயர் பக்கம் பேசியது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கூரைப் படம், பூச்சு வேலை செய்த ஒரு ரசீது இருந்திருந்தால் சர்வேயரோடு கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்பதும் உண்மை.

ஷீட்டுக்கான பணம் வந்த வாரத்தில் மேஸ்திரி வந்தார். பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துப் பெயர்ந்த இடத்தில் பீய்ச்சினார். பள்ளி ஆய்வகத்து பினாப்தலீன்தான். காரம் மிச்சமிருந்தால் கான்கிரீட் ரோஜா நிறமாகும். இவ்வளவு விவரமான மேஸ்திரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழியின் மேல்விளிம்பில் மெல்லிய ரோஜாக் கீற்று தெரிந்தது. கம்பியைச் சுற்றி ஒன்றுமே மாறவில்லை, ஈரம் மட்டும்.

பிறகு ஸ்டூலில் ஏறி, சுத்தியல் காம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘டக்’ என்றது. கம்பியை விட்டு உப்பிய இடம் ‘டொப்’ என்றது. டொப் கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். சமையலறையில் மூன்று, கூடத்தில் ஒன்று. படுக்கையறையில் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, இன்னொரு முறை தட்டி, கைநீளத்துக்கு ஒரு பெரிய வட்டம் போட்டார்.

“கட்டிலை மட்டும் இப்போதைக்கு அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்குங்கக்கா.”