நாள் குறித்த பிரசவம்: திட்டமிட்ட சிசேரியனுக்கு முன்னும் பின்னும்

சிசேரியன் என்று முடிவானவுடன் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாள், டாக்டர்?" என்பதே. ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவிலிருந்தும் வரும் பெரியவர்கள் சிலர், நட்சத்திரமும் லக்னமும் குறித்த தாளைக் கையோடு கொண்டு வருவார்கள். அதைக் கண்டு நாங்கள் முகம் சுளிப்பதில்லை. ஆயினும் எங்களிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

கருவறையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்நீரை உறிஞ்சச் செய்து, குழந்தையை முதல் மூச்சுக்கு ஆயத்தப்படுத்துகின்றன. வலி வருமுன் செய்யப்படும் சிசேரியனில் இந்த ஆயத்தம் முழுமை பெறுவதில்லை. 37 அல்லது 38 வாரத்தில் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டுத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேரும் வாய்ப்பு, 39 வாரம் நிறைந்த குழந்தைகளைவிட அதிகம். எனவே தாய்க்கோ சேய்க்கோ வேறு ஆபத்து இல்லாதபோது, 39 வாரம் நிறைந்த பிறகே நாள் குறிக்கிறோம். அதற்குப் பின்வரும் சில நாட்களுக்குள் நீங்கள் நல்ல நாளைத் தேர்ந்து சொன்னால் எங்களுக்குத் தடையில்லை. நள்ளிரவு முகூர்த்தத்துக்கும் 37ஆம் வார முகூர்த்தத்துக்கும் இசைவதில்லை. குழந்தைக்கு நல்ல நேரம் என்பது, அது உதவியின்றி மூச்சு விடக்கூடிய நேரமே.

இன்னொரு கேள்வியை வெகு சிலரே கேட்கிறார்கள்: "எதற்காகச் சிசேரியன்?" தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 2015-16இல் 34.1 விழுக்காடாக இருந்த சிசேரியன் பிரசவங்கள் 2019-21இல் 44.9 விழுக்காடாக உயர்ந்தன. அதே காலத்தில் இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு. இந்நிலையில் காரணம் கேட்பது நோயாளியின் உரிமை மட்டுமன்று, அவசியமும் ஆகும். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருத்தல், குழந்தை குறுக்கே கிடத்தல், கால் அல்லது பிட்டம் கீழாக இருத்தல், முன்பே இரண்டு முறை சிசேரியன் ஆகியிருத்தல் போன்றவை வழக்கமான காரணங்கள். முன்பு ஒரே முறை சிசேரியன் ஆனவர்களில் தகுதியுள்ளோர் இயல்பான பிரசவத்துக்கு முயல இடமுண்டு. உங்கள் காரணம் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு, புரியும்வரை மறுபடியும் கேளுங்கள். அதன் பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடுவதும் பனிக்குடம் உடைவதும் உண்டு. அப்போது "நாள் இன்னும் இருக்கிறதே" என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். எதுவும் உண்ணாமல் உடனே புறப்பட்டு வாருங்கள். வாகனம் இல்லையெனில் 108ஐ அழையுங்கள். மார்கழியில் நாள் நெருங்கும் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வீதிகளும் காவிரிப் பாலமும் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் ஆற்றுக்கு இப்பால் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்குவது நல்லது.

முந்தைய இரவும் காலையும்

முந்தைய இரவு எளிய உணவு போதும். அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து திட உணவு கூடாது. மயக்க மருத்துவர் அனுமதித்தால் இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் அருந்தலாம். இங்கேதான் நம் ஊரில் ஒரு சிக்கல். "ஒன்றும் சாப்பிடவில்லை, காப்பி மட்டும்தான்" என்று காலையில் சொல்பவர்கள் பலர். பால் கலந்த காப்பி தண்ணீரன்று. வயிற்றைப் பொறுத்தவரை அது உணவே. அரை டம்ளர் காப்பியால் அறுவையைப் பல மணி நேரம் தள்ளிவைக்க நேரிடும்.

வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்களைப் பிரசவம் வரை கழற்றக்கூடாது என்று பல வீடுகளில் கருதுகிறார்கள். ஆனால் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையும் குளுக்கோஸ் ஊசியும் கையில்தான் இடம்பெற வேண்டும். வளையல் உடைந்தால் காயமாகும். அவற்றைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். இரத்தக் கசிவை நிறுத்த மின் கருவி பயன்படுத்தப்படுவதால் உலோக நகைகளும் கூடாது. திருமாங்கல்யத்தைப் பொன் சங்கிலியிலிருந்து எடுத்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் அணிந்து வருவோர் பலர். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. நகப் பூச்சை நீக்கிவிடுங்கள். விரல் நுனிகளில் மருதாணியும் வேண்டாம். உயிர்வளி அளவைக் காட்டும் கருவி விரல் நுனியில்தான் மாட்டப்படும். அடிவயிற்று முடியை வீட்டில் சவரம் செய்து வர வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் கிருமி புகும் வழியாகும். தேவையெனில் செவிலியர் கத்தரித்துவிடுவார்.

பிக்மி எண், பரிசோதனை முடிவுகள், இரத்த வகை அட்டை, முந்தைய அறுவையின் வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

அறுவை அரங்கில்

பெரும்பாலோருக்கு முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வோம். முதுகை வளைத்து அமர்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ இருக்க வேண்டும். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் கால்கள் சூடாகிக் கனத்துப்போகும். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே சொல்லுங்கள். இரத்த அழுத்தம் குறைவதன் அறிகுறி அது. மருந்தால் உடனே சரிசெய்யலாம். "அந்த ஊசியால்தான் பத்து வருடமாக முதுகு வலி" என்ற பேச்சு நம்மிடையே பரவலாக உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். நாட்பட்ட முதுகு வலிக்குக் கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைகளும், குனிந்து அமர்ந்து பால் கொடுப்பதும், ஓய்வின்மையுமே பெரும்பாலும் காரணம்.

நீங்கள் விழித்திருப்பீர்கள். வலி தெரியாது, ஆனால் தொடுதலும் அழுத்தமும் இழுப்பும் தெரியும். இதை முன்பே அறியாதவர்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சிவிடுகிறார்கள். கீறல் தொடங்கிய ஐந்து முதல் பத்து நிமிடங்களில் குழந்தை வெளியே வந்துவிடும். அதன் பிறகு கருப்பையையும் மற்ற அடுக்குகளையும் தைப்பதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே காத்திருப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தை வந்துவிட்டது, தாயை இன்னும் காட்டவில்லை என்ற பதற்றம் வேண்டாம். தையலுக்கு ஆகும் நேரம் அது. இந்தத் தையலுக்கும் ஒரு வரலாறு உண்டு. கருப்பையைத் தைக்காமல் விட்ட காலத்தில் சிசேரியன் ஆன தாய்மார்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1882இல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் முறையான கருப்பைத் தையலை வகுத்துத் தந்தார். தாய் உயிருடன் வீடு திரும்பும் அறுவையாக இது மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

குழந்தை நலமாக இருந்தால் தாயின் மார்மீது கிடத்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கலாம். அதற்கு முன் தேனோ சர்க்கரை நீரோ சேனையாக வைக்க வேண்டாம். தேனில் பச்சிளம் குழந்தைகளின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு வயது வரை அது ஆகாது. தெருவில் விற்கும் கழுதைப் பாலும் ஆகாது. முதல் இரண்டு நாட்களில் சுரக்கும் சீம்பால் சில துளிகளே ஆனாலும் போதுமானது. குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் பெருகுவது சற்றுத் தாமதமாகலாம். மூன்றாம் நான்காம் நாள்வரை பொறுத்து, குழந்தையை அடிக்கடி மார்பில் விடுவதுதான் வழி. தையல் வலிக்காமல் ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டச் செவிலியர் கற்றுத் தருவார்.

எழுந்து நடத்தல்

மரத்த கால்கள் சில மணி நேரத்தில் இயல்புக்குத் திரும்பும். அது முதலே பாதங்களை அசைத்துக்கொண்டிருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் துணையோடு எழுந்து நிற்கவும் சில அடி நடக்கவும் சொல்வோம். "பச்சை உடம்புக்காரியை எழுப்புகிறீர்களே" என்று உடன் இருப்பவர்கள் எங்களிடம் சினம் கொள்வதுண்டு. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை கொண்டது. அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கலாம். முதல் முறை எழும்போது வலிக்கத்தான் செய்யும், தலையும் சுற்றும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை, வலி முற்றிய பின் அல்லாமல், சொன்ன நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதித் தரும் மாத்திரைகள் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பவர் நடக்கவும் மாட்டார், நன்றாகப் பாலூட்டவும் மாட்டார்.

சிக்கல் இல்லாதவர்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் வீடு திரும்பலாம். 2011இல் தொடங்கப்பட்ட தாய் சேய் நலத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் அறுவையும் மருந்தும் இரத்தமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வீட்டில் கொண்டு விடுவதற்கு 102 ஊர்தியும் உண்டு.

வீட்டில்

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது அறுவை அரங்கு அன்று. அதன் பின் வரும் வீட்டறை. சன்னல் அடைத்த அறையில், சித்திரை வெயிலில், தண்ணீர் குடித்தால் வயிறு உப்பும், தையல் சீழ் பிடிக்கும் என்று அளந்து கொடுக்கப்பட்ட தண்ணீரோடு இருக்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். தண்ணீரால் தையல் சீழ் பிடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர் எரிச்சலும் வரும்; முக்கினால் தையல்தான் வலிக்கும். தாகம் தீரக் குடிக்க விடுங்கள். பூண்டுக் குழம்புக்கோ அளவான பிரசவ லேகியத்துக்கோ நாங்கள் பகையல்லர். ரசம் சோறு மட்டும் என்ற பத்தியத்தைத்தான் மறுக்கிறோம். புண் ஆறுவதற்குப் பருப்பு, கீரை, பால், வழக்கமுள்ளவர்களுக்கு முட்டை, மீன் ஆகியவை வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளையும் தொடர வேண்டும்.

மருத்துவர் அனுமதித்த நாள் முதல் தினமும் குளிக்கலாம். தையலை மெல்லத் துடைத்து உலர்வாக வையுங்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் அதன்மேல் வேண்டாம். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். ஆறு வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் அறவே ஆகாது. 11ஆம் நாள் புண்ணியாகவாசனத்தில் தாயை மணிக்கணக்கில் தரையில் அமர்த்தாமல் ஒரு நாற்காலி போடுங்கள்.

இவ்வூரில் இன்னொரு நேர்த்திக்கடன் உண்டு. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத கர்ப்பிணிக்கு ஈசனே தாயுருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலவரலாறு. சுகப்பிரசவம் வேண்டியவர்கள் அங்கே வாழைத்தார் செலுத்துகிறார்கள். தாராளமாகச் செலுத்துங்கள். ஆனால் அந்தப் படிகளை ஆறு வாரப் பரிசோதனைக்குப் பின் ஏறுங்கள். அவசரமெனில் தாரைத் தந்தை சுமக்கட்டும்.

அக்கதையில் தாய் வந்தது உடன் இருப்பதற்காகவும்தான். "வலி தெரியாமல் பெற்றவள்தானே" என்ற ஒரு சொல் சிசேரியன் ஆன பெண்ணை எவ்வளவு புண்படுத்தும் என்பதை எங்கள் முன் அழுத பலர் உணர்த்தியிருக்கிறார்கள். வயிற்றின் ஏழு அடுக்கு கீறித் தைக்கப்பட்டவரிடம் சொல்லும் சொல்லன்று அது. பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, உறக்கமே இல்லாது போனாலோ, குழந்தை மீது பற்று வரவில்லை என்றாலோ எங்களிடம் அழைத்து வாருங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் அன்றே வர வேண்டும். தாயைத் தனியே விடவும் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

பின்வருவனவற்றுள் எது கண்டாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், பிளவு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுதும் நனையும் உதிரப்போக்கு, துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு.

ஆறாவது வாரத்தில் கோப்போடு வாருங்கள். கணவரும் உடன் வரட்டும். கருப்பைத் தழும்பு உறுதிப்பட, அடுத்த கருவுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் இடைவெளி வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததை மட்டும் நம்பிக் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். சிசேரியனின் எண்ணிக்கை கூடக்கூட, நச்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாகப் பதியும் ஆபத்தும் கூடுகிறது என்பதையும் அன்று பேசுவோம். ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம் என்று அன்று பலரும் கேட்பார்கள். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது வயிறு வலிக்காமல் இருந்தால் ஓட்டலாம். அதுவரை பின்னிருக்கையில் செல்வோரும், ஓட்டுபவரிடம் வேகத்தடைகளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.