விற்கும் வீடும் காடான வளவும்

வீடு விற்க எண்ணுவோர் உறுதியைத் தேடி எடுப்பர், தரகரை அழைப்பர், விலையைக் குறித்து உறவினரோடு நாட்கணக்காக வாதிடுவர். வளவைப் பற்றி நினைப்போர் மிகச் சிலரே. வாங்க வருபவரோ முதன்முதற் காண்பது வளவைத்தான்.

எனக்கு நன்கு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகளின் வைத்தியச் செலவுக்காக, வலிகாமத்திலிருந்த தம் தாய்வழி வீட்டை விற்க முற்பட்டார். அது சுண்ணக்கல்லாற் கட்டிய நாற்சார வீடு. சுவரிலோ கூரை மரங்களிலோ பெரும் பழுது எதுவுமில்லை. ஆயினும் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தமையால், படலையிலிருந்து தலைவாசல் வரை நாயுண்ணிப் பற்றை மண்டியிருந்தது. யாரோ ஆசையோடு நட்ட காகிதப்பூ, ஓட்டின்மேல் ஏறி முகப்பையே மறைத்துவிட்டது. வந்தவர் மூவர் படலையடியில் நின்றபடியே திரும்பினர். நான்காமவர் பாதி விலை கேட்டார். நண்பரும் கொடுத்துவிட ஆயத்தமானார். அவருடைய மனைவியார்தாம் தடுத்தார். "வெட்டித் துப்புரவாக்கிப் பார்த்துவிட்டு விற்போம்" என்றார் அந்த அம்மையார்.

வாங்குபவர் மனத்தில் நிகழ்வது யாது? கண்ணுக்குப் புலப்படாத சுவர் வெடித்த சுவர் என்றே அவர் கொள்கிறார். அந்த ஐயத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைக்கிறார். ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதென்றும் சொல்வதற்கில்லை. பறவையின் எச்சத்தில் வந்த அரசங்கன்று சுவர் வெடிப்பில் வேரூன்றி அதனை மேலும் பிளக்கும். மேலே வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். வேரைக் களைந்து சாந்திட்டு அடைத்தல் வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் செடி ஈரத்தைக் காத்துக் கறையானுக்கு மறைவிடமாகிறது. பீலியில் அடைந்த சருகு மழைநீரைத் தேக்கி நுளம்பை வளர்க்கிறது. நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். வீடு பூட்டிக் கிடந்தது என்பது தக்க மறுமொழியாகாது.

இதற்காக வளவை மொட்டையடித்துவிடுவோரும் உளர். அதுவும் பிழையே. முற்றத்து வேம்பின் நிழலுக்கும் விலையுண்டு. தாழ்ந்த கிளைகளைக் கழித்தாற் போதும். அடிமரத்தினூடே வீடு தெரியும். பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. பார்த்தீனியம் நிற்குமாயின், பூக்குமுன், கையுறையணிந்து வேரோடு பிடுங்குதல் நன்று. அது தோலில் அழற்சியை உண்டாக்கும். பற்றைக்குள் விரியன் கிடக்கலாம். வெறுங்காலுடன் இறங்குதல் ஆகாது.

காலமும் முக்கியம். மாரிக்கு முன்னர் வெட்டினால், மார்கழி முடிவதற்குள் பற்றை மீண்டும் எழுந்துவிடும். தைப்பொங்கலுக்குப் பின் வெட்டினாலோ, வெயில் ஏற ஏற நிலம் பல மாதங்கள் வெளிப்பாகவே நிற்கும். நண்பரின் வீட்டில் இருவர் பத்து நாள் வேலை செய்தனர். கிணற்றடிச் செவ்வரத்தையை மட்டும் வெட்டவேண்டாமென்று அம்மையார் சொல்லியிருந்தார். அடுத்து வந்தவர் உள்ளே நுழைந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, அறைகளைச் சுற்றிவந்த பின்பே விலை பேசினார். கேட்ட விலை முழுவதும் கிடைக்கவில்லை. வைத்தியச் செலவுக்குப் போதியது கிடைத்தது.