வேலை உண்டு, சம்பளம் இல்லை

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தில் லட்சக்கணக்கானோருக்கு அது வந்து சேரவில்லை. அதற்கு முந்தைய நீண்ட முடக்கம் 2018 டிசம்பர் 22 அன்று தொடங்கி 35 நாள் ஓடியது.

ஓர் அரசு எப்படி முடங்கும்? அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று பிறக்கிறது. அதற்குள் செலவு மசோதாக்களையோ தற்காலிக ஒதுக்கீட்டையோ காங்கிரஸ் நிறைவேற்றியாக வேண்டும். நாடாளுமன்ற ஆட்சிமுறையில் பட்ஜெட் தோற்றால் பொதுவாக ஆட்சி கவிழும். அமெரிக்காவில் ஆட்சி அப்படியே இருக்கும். ஊழியரின் சம்பளம்தான் நின்றுபோகும். ஒதுக்கீடு இல்லாமல் அரசு செலவழிக்கக் கூடாது என்ற சட்டம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால், அலுவலகங்களை மூடியே ஆகவேண்டும் என்ற கண்டிப்பு, அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி 1980-81இல் அளித்த சட்ட விளக்கங்களுக்குப் பிறகுதான் வந்தது.

முடக்கம் தொடங்கியதும் ஊழியர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு பிரிவினர் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருப்பார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையச் சோதனை ஊழியர்கள், சிறைக் காவலர்கள் போன்றோர் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தாக வேண்டும். 2018-19இல் பாதிக்கப்பட்ட சுமார் 8 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் பிரிவினர்.

இவர்கள் நிலைதான் கொடுமை. வீட்டில் இருப்பவர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் வந்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். பணியில் இருப்பவருக்கு, ‘வேலையில்தானே இருக்கிறீர்கள்’ என்று பெரும்பாலும் அதுவும் கிடைக்காது. வேலைக்குப் போக பெட்ரோல் போட வேண்டும், குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும்; இரண்டுக்கும் கைக்காசு. வேறு வேலை தேடவும் நேரமில்லை. வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தராது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார். ரகசியப் பணிகளில் இருப்போருக்குக் கடன் பெருகினால் பாதுகாப்பு அனுமதியே சிக்கலாகலாம்.

2019 ஜனவரியில் கடலோரக் காவல்படையினருக்கும் சம்பளம் நின்றது. மற்றப் படைகளுக்குத் தடையில்லை. இவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் படையின் ஊழியர்களுக்காகத் தயாரான ஓர் ஆலோசனைத் தாள், வீட்டுச் சாமான்களை விற்கலாம், அயலார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், நாய்களை நடத்திக் கூட்டிப்போகலாம் என்று வழி சொன்னது. பத்திரிகை ஒன்று விசாரித்ததும் தாள் அகற்றப்பட்டது. கடலில் உயிர் காக்கும் ஒரு படையின் ஊழியர்களுக்கு அரசு சொல்லக்கூடிய பதிலா இது?

‘பிறகு கொடுத்துவிடுகிறார்களே’ என்பார்கள். உண்மைதான், நிலுவைச் சம்பளத்தை உறுதிசெய்யும் சட்டம் 2019இல் வந்தது. ஆனால், 2025 முடக்கத்தின் நடுவே, விடுப்பில் இருந்தவர்களுக்கு அது தானாகக் கிடைக்குமா என்று வெள்ளை மாளிகையே கேள்வி எழுப்பியது. முடக்கத்தை முடித்த சட்டம்தான் அந்தப் பயத்தைத் தீர்த்தது. இடைப்பட்ட வாரங்களில் ஏறிய கிரெடிட் கார்டு வட்டியும் வாடகைத் தாமதக் கட்டணமும் ஊழியர் தலையில்தான். அரசியல் சண்டைக்கான செலவை அவர்கள் முன்பணமாகக் கட்டுகிறார்கள் என்பதே என் கருத்து. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமோ முடக்கத்தின்போதும் நிற்பதில்லை.

அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்வோர், வாயிற்காவலர்கள், உணவகப் பணியாளர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். நிலுவைச் சம்பளச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. 2019இல் 35 நாள் கூலியை இழந்தவர்களுக்கு ஈடு தர மசோதா கொண்டுவரப்பட்டது, அது நிறைவேறவில்லை.